ரெங்கசாமி மண்டோரின் கழுத்துப் படம்

போன மாதம் ஆஸ்பத்திரியில் பழைய இருட்டறையை இடித்தார்கள். அதற்கு ஒரு தேநீர் விருந்து. இடிக்கிற அறைக்கு எதற்கு விருந்து என்று எனக்கு விளங்கவில்லை. கூப்பிட்டார்கள், போனேன். எக்ஸ்ரே பிரிவில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, என்னை நடுவில் உட்காரவைத்து, "அங்கிள், அந்த மண்டோர் கதய சொல்லுங்க லா" என்றார்கள்.

கதை அவர்களுக்கு முன்பே தெரியும். இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்த, ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவன், பெரிய டாக்டர்கள் கண்ணுக்குத் தப்பியதைக் கண்டுபிடித்து ஒரு மனிதனின் குரலைக் காப்பாற்றினானாம். கேட்டுவிட்டுக் கைதட்ட வேறு தயாராக இருந்தார்கள்.

சுத்தப் பொய். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. படத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தால்கூட எனக்கு அப்போது தெரிந்திருக்காது. இருட்டறை போனதிலும் எனக்கு வருத்தம் கிடையாது. மருந்துத் தொட்டி நாற்றத்தில் சோறு இறங்காமல் எத்தனையோ மத்தியானம் உட்கார்ந்திருக்கிறேன். இடித்த ஆளுக்கு மாலை போட்டிருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் பொய்யை வளரவிட்டால் அது ஒருநாள் என் தலையில் வந்து விழும் என்று எனக்குப் பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். எனக்கு அங்கே உதவியாள் வேலை. யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கதவைத் திறக்காதே, கையைத் துடைத்துவிட்டுப் படத்தைத் தொடு, டெவலப்பர் மருந்து பட்ட கையை ஃபிக்சர் தொட்டியில் வைக்காதே, வாயை மூடு. என் பயிற்சிக் காலம் முழுவதும் இவ்வளவுதான். படத்தின் மூலையில் நோயாளியின் பெயரைப் பதிப்பதும் என் பொறுப்பு. பதித்தேனா இல்லையா என்று மறுபடி மறுபடி பார்ப்பேன். வீட்டுக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து இருட்டறைக் கதவை ஆட்டிப் பார்ப்பேன். காவல்காரர் சிரிப்பார்.

எனக்கு மேலே இருந்தவர் சாமுவேல் சார். படம் எடுப்பவர் அவர்தான். ஒல்லி ஆள். கழுத்துப்பட்டை தொட்டியில் படாமலிருக்க அதைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகியிருப்பார். நோயாளியின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. தோள், தாடை, இடுப்பு எலும்பு, இவைதான் அவருக்கு மனிதர்கள். "அந்த முட்டி வந்திடுச்சா?" என்று கேட்பார். முட்டிக்குச் சொந்தக்காரி எதிரிலேயே நிற்பாள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் இருந்தது. படத்தாளை மிச்சம் பிடிப்பது. ஒரே தாளின் பாதியை ஈயத் தகட்டால் மூடி ஒரு படம், மறுபாதியில் இன்னொரு படம். அதிலும் மிச்சம் பிடிக்க, இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டியதை ஒரு கோணத்தோடு நிறுத்திக்கொள்வது. இதைச் செய்கிறவனுக்கு ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியிடம் நல்ல பெயர். புதிதாக வந்திருந்த இளம் டாக்டருக்கும் அதில் சந்தோஷம், பார்க்க வேண்டிய படம் குறைகிறதே. தொண்டை, நெஞ்சு, எதுவானாலும் முன்பக்கம் ஒன்று போதும் என்று அவர் சொல்லிவிட்டார். சாமுவேல் சார் ஒருவர்தான் மசியவில்லை.

"டாக்டரே போதும்னு சொல்லிட்டாரு சார்" என்று நான் பயந்துகொண்டே சொன்னேன். கிராணி வந்து கத்துவாரே என்ற கவலை எனக்கு.

"அவருக்குப் போதும்யா. மனுசன் என்ன காலண்டர் படமா, முன்னால மட்டும் இருக்கிறதுக்கு?" என்றார் சார்.

இந்த நிலையில்தான் ரெங்கசாமி மண்டோர் வந்தார். புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போனால் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே வேலைக்காரர்களை மேய்க்கிற மண்டோர் அவர். மண்டோருக்குக் கத்தி வேண்டாம், கணக்கு வேண்டாம், தொண்டை வேண்டும். விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, அவர் கொடுக்கிற குரல் கடைசி லயத்து வீட்டு வரிசைவரைக்கும் கேட்கும். பெயருக்குப் பின்னால் அவர் சேர்த்துச் சொல்வதும் கேட்கும். என் அக்கா காளியம்மா அவருக்குக் கீழேதான் வேலை செய்தாள். அந்தக் குரல் தனக்குக் கனவிலும் கேட்கும் என்பாள்.

மண்டோருக்குச் சோறு நெஞ்சுக்கு மேலேயே நிற்கிறது என்று கோளாறு. படத்தில் வெள்ளையாக விழுகிற பேரியம் மாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, அது இறங்குகிறபோது படம் எடுக்க வேண்டும். உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்க்கிற திரையெல்லாம் எங்களிடம் இல்லை. சார் சொல்கிற நொடியில் அவர் விழுங்க வேண்டும், அதே நொடியில் சார் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் வெறும் தொண்டைதான் படத்தில் விழும்.

"என்னடா இது, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றார் மண்டோர், குவளையை முகர்ந்து பார்த்து.

"பேரியம், மண்டோரே."

"மண்டோரய்யான்னு வராதா வாயில? ஒன் அக்காவுக்கும் அப்படித்தான், ஒனக்கும் அப்படித்தான்."

"வாயில ஊத்தி அப்படியே வச்சுக்குங்க" என்றார் சாமுவேல் சார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான் முழுங்குன்னு சொல்ற வரைக்கும் பேசக் கூடாது. பேசினா எல்லாம் சட்டையில."

மண்டோர் கன்னம் உப்ப, வாயை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்றார். அந்தக் காட்சியைத் தோட்டத்து ஆட்கள் காசு கொடுத்துப் பார்த்திருப்பார்கள். சார் அவசரப்படவில்லை. முன்பக்கம் ஒன்று எடுத்தார். பிறகு கைகள் இரண்டையும் பின்னால் கட்டி, நெஞ்சை முன்னால் தள்ளி, தோள் நிழல் குறுக்கே விழாதபடி நிற்கவைத்துப் பக்கவாட்டில் ஒன்று. இன்னும் கொஞ்சம் திருப்பிச் சாய்வாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். வெளியே நின்ற கிராணியின் பெருமூச்சு எனக்குக் கேட்டது.

இளம் டாக்டர் முன்பக்கப் படத்தை மட்டும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். வயிற்றெரிச்சல் மருந்து எழுதிக் கொடுத்தார். மற்ற இரண்டையும் அவர் உறையிலிருந்து உருவக்கூட இல்லை.

கோலாலம்பூரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வந்து படங்களைப் படித்துவிட்டுப் போவார் டாக்டர் லிம். சீன அம்மா. எங்களிடம் மலாயில் பேசுவார், சாரிடம் ஆங்கிலத்தில். அவர்தான் பக்கவாட்டுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெள்ளைக் கம்பு மாதிரி இறங்குகிற பேரியத்தில், பின்பக்கத்திலிருந்து யாரோ விரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம். அதை விரலால் தொட்டுக் காட்டினார். வலது கைக்குப் போகிற ரத்தக்குழாய் வழக்கமாகப் போகிற வழியில் போகாமல், இடது பக்கம் புறப்பட்டு, உணவுக்குழாய்க்குப் பின்னால் புகுந்து வலது பக்கம் போகிறது. பிறவியிலேயே சிலருக்கு அப்படி. அதுதான் அங்கே அழுத்துகிறது. ஆபத்தில்லை, எழுதிவைக்கிறேன், சோற்றை மென்று தின்னச் சொல்லுங்கள் என்றார்.

உணவுக்குழாய்க்குப் பின்னால் ரத்தக்குழாய் என்றதும் நான் தொட்டியை விட்டுவிட்டு சார் பக்கம் போனேன். "வெடிச்சிடுமா சார்?" என்று கேட்டேன்.

"ஒன் தலைதான் வெடிக்கும். தொட்டியக் கலக்கு" என்றார் சார்.

படங்களை வைக்க எங்களிடம் அலமாரி இல்லாததால் நோயாளியிடமே கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். டாக்டர் லிம் எழுதிய சீட்டையும் உள்ளே வைத்து, மண்டோர் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். தன் கழுத்துப் படத்தை ஊரெல்லாம் காட்டினார் என்று அக்கா சொன்னாள். பெருமையடித்துக்கொள்ள சிலருக்கு எதுவும் போதும்.

மறு வருடம் மண்டோர் சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தில் கல். எலும்பெல்லாம் வலி. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம். கோலாலம்பூரில் ரத்தத்தைச் சோதித்து, கழுத்தில் பாராதைராய்டு சுரப்பி வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சுரப்பிகள் அவை. ஒன்று கெட்டுப்போய் வளர்ந்தால் எலும்பிலிருக்கிற சுண்ணாம்புச் சத்தையெல்லாம் ரத்தத்தில் உருவிக் கொட்டிவிடும். இரண்டு மருந்து ஏற்றிப் பெரிய மெஷினில் படம் எடுத்ததில், வலது பக்கம் கீழே ஒரு புள்ளி தெரிந்ததாம். வெட்டி எடுக்க நாள் குறித்தாகிவிட்டது.

மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை. சுரப்பி எங்கே என்று கேட்டார்கள், அது சொன்னது. ரத்தக்குழாய் எந்த வழியில் போகிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததை அது ஏன் சொல்ல வேண்டும்? கேட்கத் தெரியாதவர்களைப் பற்றித்தான் என் வயிற்றெரிச்சல்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு போக மண்டோர் வந்தார். டாக்டர் லிம் வந்திருந்த நாள் அது. சீட்டில் பாராதைராய்டு, வலது பக்கம் என்று இருந்ததைப் படித்தார். ஆளைப் பார்த்தார், போன வருடத்துப் பள்ளம் நினைவுக்கு வந்துவிட்டது. சாமுவேல் சாரைக் கூப்பிட்டார். இருவரும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார்கள். எனக்குப் புரியாததால் பயம் இரட்டிப்பானது.

பிறகு சார்தான் சொன்னார், சலித்துக்கொண்டே. "குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கு. வலது பக்கம் அது நெஞ்சுக்கு இறங்கி, கைக்குப் போற ரத்தக்குழாயச் சுத்திக்கிட்டு மேல ஏறும். இவருக்குத்தான் அந்தக் குழாய் அங்க இல்லையே. சுத்துறதுக்கு ஒண்ணும் இல்லாம நரம்பு கழுத்துலயே குறுக்க வந்துடும். சரியா வெட்டுற எடத்துல. டாக்டர் வழக்கமான எடத்துல நரம்பைத் தேடுவாரு, இருக்காது. குறுக்க கெடக்கிறத ஏதோ நாருன்னு நெனச்சு வெட்டிட்டாருன்னா, மண்டோர் மிச்ச காலம் காத்துதான் ஊதணும்."

மண்டோர் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "கொரல் போனா எனக்கு வேல ஏது?" என்றார். ஏதும் இல்லைதான். கத்த முடியாத மண்டோரை எந்தத் தோட்டம் வைத்துக்கொள்ளும்?

டாக்டர் லிம் பழைய படத்தைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றார் மண்டோர். ஆஸ்பத்திரி வண்டியில் என்னை அனுப்பினார்கள்.

மண்டோரின் மனைவி சரசக்கா வாசலுக்கு வந்து, "எந்தப் படம்? கெரகணத்துக்கு வெட்டுனதா?" என்று கேட்டார்.

கிரகணத்துக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சூரிய கிரகணம் வந்தபோது வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று ரேடியோவில் சொன்னார்களாம். எக்ஸ்ரே படம்தான் தோதானது என்று தோட்டத்தில் யாரோ ஒரு மேதை சொல்ல, பெரட்டுக் களத்தில் மண்டோரே கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, தன் கழுத்துப் படங்களை வெட்டி, வேண்டியவர்களுக்கெல்லாம் தானம் பண்ணியிருக்கிறார். நல்ல கறுப்பாக இருந்த ஓரங்களெல்லாம் போய்விட்டன. அவர்கள் கண் என்ன ஆனதோ என்று எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது.

லயம் லயமாக அலைந்தேன். அக்கா வீட்டிலும் ஒரு துண்டு இருந்தது. "கீழ கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன். எங்களுக்கெல்லாம் அவன் கையால குடுப்பானா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பினாள்.

"ஏன் தம்பி, அந்த நரம்ப வெட்டுனா உசுருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"உசுருக்கு ஆவாது. கொரல் போயிரும்."

"அப்ப இந்தத் துண்டத் தேடிக்கிட்டு நீ எதுக்கு வெயில்ல அலையுற?"

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் அனுப்பினார், வந்தேன் என்றேன்.

தேடியது கடைசியில் சரசக்காவின் சமையலறையிலேயே கிடைத்தது. பக்கவாட்டுப் படத்தில் பேரியம் வெள்ளையாக இருந்த நடுப்பகுதி சூரியனைப் பார்க்க உதவாது என்று மிஞ்சியிருக்கிறது. அதைச் சுருட்டி நூல் கட்டி, போத்தலில் தேங்காயெண்ணெய் ஊற்றப் புனலாக வைத்திருந்தார். உறையும் டாக்டர் லிம் எழுதிய சீட்டும் எங்கே போயின என்று அவருக்கே தெரியாது. சுருளைப் பிரித்தால் உள்ளே கழுத்து. எண்ணெய் வழிகிற அந்தச் சுருளைத் தாளில் பொதிந்து, ஏதோ புதையல் எடுத்தவன் போல வண்டியில் ஏறினேன். என் முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

டாக்டர் லிம் அதைத் துடைத்து மாட்டினார். பள்ளம் இருந்தது. உடனே கோலாலம்பூருக்குப் போன் போட்டார். மறுமுனையில் கத்தி பிடிக்கிற பெரிய டாக்டர். அவர் என்ன சொன்னார் என்பதை டாக்டர் லிம்மின் முகம் சிவந்ததிலிருந்து ஊகித்துக்கொண்டோம். போனை வைத்துவிட்டு அவரே சொன்னார். கழுத்தைத் திறந்தால் எனக்கே தெரியும் என்றாராம். பிறகு, படத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டாராம். பெயரிருந்த மூலை கிரகணத்தோடு போய்விட்டது. பெயரில்லாத எண்ணெய்ப் படத்தை நம்பி நான் கத்தியைத் திருப்ப மாட்டேன் என்று வைத்துவிட்டாராம்.

அந்த ஆளின் திமிரைப் பற்றி நான் முணுமுணுத்தேன். சாமுவேல் சார் என் பக்கம் திரும்பினார்.

"திமிர் புடிச்சவன்தான். ஆனா அதுல சரியா சொல்றான். இது யார் கழுத்து? மண்டோர் கழுத்தா, ஒங்க அக்கா கழுத்தா, மாட்டுக் கழுத்தா? புனலுக்கு யாரு சாட்சி?" என்று சொல்லி அதைக் குப்பையில் போட்டார். ஒரு நாள் அலைச்சல் குப்பையில் போனது. நான் கதாநாயகன் என்கிற பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கட்டும்.

புதிதாக எடுக்க வேண்டும் என்றார் டாக்டர் லிம். மண்டோர் முடியாது என்றார். போன முறை குடித்தது வயிற்றில் கல்லாக இறுகி நாலு நாள் உயிர் போனதாம். அந்தச் சுண்ணாம்புதான் சிறுநீரகத்தில் கல்லாக வந்ததோ என்று வேறு சந்தேகம். இல்லை என்று டாக்டர் மலாயில் விளக்கினார். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி கெஞ்சினாள். இளம் டாக்டர் வந்து, கட்டாயமில்லை, அதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று பொன்னான வாக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மண்டோர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

என்னோடு வண்டியில் வந்து மூலையில் உட்கார்ந்திருந்த சரசக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"விடுங்க சார். குடிக்க வேணாம். போனாப் போவட்டும். கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டாச்சு. இனி நான் பேசுறேன், அவுரு கேக்கட்டும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சரசக்காவும் சிரிக்கவில்லை. அதுதான் மண்டோரை உலுக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

"என்னடி சொன்ன?"

"சொன்னதுதான்."

மண்டோர் அவரையே முறைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "கொண்டாடா அந்த எழவ" என்றார்.

குவளையை நீட்டினேன். சார் முன்பக்கம், பக்கவாட்டு, சாய்வு என்று அதே வரிசையில், அதே நிதானத்தில் எடுத்தார். இருட்டறையில் பெயரை அழுத்திப் பதித்து, பதிந்ததா என்று பார்த்து, சந்தேகம் தீராமல் மறுபடியும் பார்த்தேன். சிவப்பு விளக்கில் தொட்டிக்குள்ளிருந்து அந்தப் பள்ளம் மெல்ல எழுந்து வந்தது. எனக்கும் தெரிந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிய பிறகு யாருக்குத்தான் தெரியாது?

படம் காய்வதற்குள் டாக்டர் லிம் அதைத் தன் காரிலேயே பெரிய டாக்டரிடம் எடுத்துப் போனார். மண்டோரிடம் இனி எந்தப் படத்தையும் கொடுக்கக் கூடாது என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஆப்பரேஷன் நடந்த வாரத்தில் நான் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது டாக்டர் லிம் சொன்னார். வீங்கிய சுரப்பிக்கு மேலேயே, குறுக்காக, வெள்ளை நூல் போல நரம்பு கிடந்ததாம். சொல்லியிருக்காவிட்டால் அது நரம்பு என்று அந்த இடத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெரிய டாக்டர் அதை ஒதுக்கிவிட்டுச் சுரப்பியை எடுத்துவிட்டார். பிறகு ஒரு கூட்டத்தில், கழுத்தைத் திறந்ததும் தானே கவனித்ததாக அந்த நரம்பைப் பற்றிப் பேசினாராம். டாக்டர் லிம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சாமுவேல் சார் சிரிக்கவில்லை. "அடுத்த தொண்டையக் கூப்பிடு" என்றார் என்னிடம்.

மண்டோர் வீட்டில் ஓய்வில் இருந்த காலத்தில் தோட்டத்தில் வேறொருவர் பெரட்டு எடுத்தார். மெல்லிய குரல்காரர். பெயரை மட்டும் கூப்பிடுவார். அந்த நாட்களில் லயத்தில் பிள்ளைகள்கூட விடிந்த பிறகுதான் எழுந்தார்கள் என்று அக்கா சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் தங்கினேன். மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். பெரட்டுக் களத்திலிருந்து மண்டோரின் சத்தம் வந்தது.

"காளியம்மா! மகாராணிக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாடி?"

நான் அசையாமல் நின்று கேட்டேன். காற்று ஊதுகிறதா, இழுக்கிறதா, கடைசி எழுத்து உடைகிறதா என்று அத்தனை வாரமாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் வைத்துக் கேட்டேன். மறுபடியும் ஒருமுறை அவள் பெயர் வந்தது, பின்னால் இன்னும் மோசமான ஒன்றோடு.

"கேக்குதா?" என்றாள் அக்கா.

"ம்."

"கரகரப்பு ஏதும் இருக்கா?"

"இல்லக்கா. சுத்தமா இருக்கு."

"நல்ல படமாத்தான் எடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, குடிக்காத தேநீரைக் கீழே வைத்து, காலணியை மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள்.